மே இரண்டு வரை பிரிக்காத கவர்

பத்தொன்பது வருஷமாகக் காலைத் துடைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் உட்காருகிற மனுஷன், அந்தச் செவ்வாய்க்கிழமை வாசற்படியிலேயே நின்றுகொண்டார். ஏதோ சரியில்லை என்று கிளெண்டாவுக்கு அப்போதே பட்டது.

"உள்ள வாங்க மிஸ்டர் டேத்தம். கெட்டில் இப்பதான் போட்டேன்."

"இல்ல இல்ல, இன்னைக்கு வேண்டாம். கொஞ்சம் வேலை இருக்கு."

டெஸ்மண்ட் டேத்தம் அந்த வீட்டு ஓனர். வயது எழுபத்து மூன்று, மனைவியை இழந்தவர். இரும்புச் சாமான் கடையை விற்றுவிட்டு எட்டு வருஷமாகச் சும்மா இருக்கிறவருக்கு என்ன வேலை வந்து கொட்டப்போகிறது? கோட்டின் உள்பையிலிருந்து கிரீம் நிறக் கவர் ஒன்றை எடுத்தார். அதைக் கொடுப்பதா மறுபடி உள்ளே வைப்பதா என்று கை தடுமாறியது. பிறகு நீட்டினார்.

"இது உங்களுக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல. சௌகரியப்பட்டப்ப பாருங்க. அதாவது… ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம்."

"பிறந்தநாள் கார்டா? அதுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கே!"

அவர் கடல் பக்கம் பார்த்தார். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் மோர்கம் விரிகுடாவில் தண்ணீர் வற்றிப்போய் மைல் கணக்கில் வெறும் மணலாகக் கிடந்த நேரம் அது. பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

"கார்டுதான்," என்றார் கடைசியில்.

"அப்ப அன்னைக்கே பிரிக்கறேன். முன்னாடியே பிரிச்சா நல்லா இருக்காது."

வேறு ஊர்க்காரராக இருந்தால், 'இல்லம்மா, இப்பவே பிரிச்சுப் பாரு' என்று சொல்லியிருப்பார். இவர் மோர்கம்காரர். பிறந்தநாள் கார்டு முன்கூட்டி வந்தால் கணப்புக்கு மேலே பலகையில் நிறுத்திவைத்து, அந்த நாள் காலையில்தான் பிரிக்க வேண்டும் என்று அவருக்கும் அவர் அம்மா சொல்லித்தான் வளர்த்திருக்கிறாள். அதை மீறச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டு, மழைக்குப் பயந்தவர் மாதிரி விறுவிறுவென்று நடந்து போனார். மழை இல்லை, நல்ல வெயில்.

கிளெண்டா கவரைப் பலகையில் நிறுத்தினாள். நிறுத்துவதற்கு முன்னால் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கார்டு இருந்தது. கார்டுக்குள் மடித்த காகிதமும் இருந்தது, நாலைந்து தாள் கனத்துக்கு.

அவள் ஒன்றும் அசடு இல்லை. ரேடியோவில் தினமும் அதே பேச்சாக இருந்தது. புதுச் சட்டப்படி மே ஒன்றாம் தேதியிலிருந்து, காரணம் சொல்லாமல் குடியிருப்பவரைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. ஏப்ரல் முப்பது வரைக்கும் முடியும். அதனால் ஊரிலிருக்கிற ஓனர்களில் பாதிப் பேர், கடை மூடுவதற்குள் ரொட்டி வாங்க ஓடுகிறவர்கள் மாதிரி நோட்டீஸும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு மாச அவகாசம், சாவியைக் கொடு, கிளம்பு. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

அவளுக்கு அந்த 'ஏன்' இல்லாததுதான் பெரிய ரணம். இது அவளுக்கு ஐந்தாவது வீடு. முந்தைய நாலிலிருந்தும் இப்படிக் காகிதம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். லங்காஸ்டர் வீட்டில் குளிக்கும்போது சீட்டி அடித்தது பிடிக்கவில்லையோ? ஹேஷம் வீட்டில் மீன் வறுத்த வாடையோ? மூன்றாவது வீட்டில், ஓனர் மனைவியின் புதுத் தொப்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டோமோ? முப்பது வருஷத்துக்கு முந்தின சமாச்சாரமெல்லாம் அவளுக்குப் பாத்திரம் கழுவும்போது திடீரென்று நினைவுக்கு வரும். நாம் என்ன தப்புப் பண்ணினோம்? சொல்லித் தொலைத்திருந்தால் திருத்திக்கொண்டிருக்கலாம், இல்லை ரெண்டு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருக்கலாம். சொல்லாமல் விட்டதால் அது உள்ளேயே கிடந்து அரித்தது.

இப்போது வயது ஐம்பத்தெட்டு. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் காலைச் சாப்பாடு சமைக்கிற வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். இந்த வீட்டை விட்டால் இப்போது கொடுக்கிற வாடகைக்கு மோர்கமில் ஒரு மூலைகூடக் கிடைக்காது. உள்ளே தள்ளி பிரெஸ்டன் பக்கம் போக வேண்டும். அங்கிருந்து ஐந்து மணிக்கு வந்து சேர பஸ் கிடையாது. வீடு போனால் வேலையும் போச்சு. கணக்கு அவ்வளவு சுலபம்.

ஆனாலும் அவள் கவரைப் பிரிக்கவில்லை. கார்டு என்று அவர் சொன்னார். கார்டு என்றால் மே இரண்டாம் தேதி. அதுவரைக்கும் அது கார்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

விடியலில் போகிறவள் என்பதால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அவளுக்குத் தூக்கம். திரைச்சீலையை மூடினாலும் ஏறிவருகிற கடலின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். அந்தத் தூக்கத்தில் பல வருஷமாக ஒரே கனவுதான். மாடியில் துணி உலர்த்துகிற அலமாரியைத் திறப்பாள். வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கும். அட, இது இங்கேயேதான் இருந்ததா, நான் இத்தனை நாளும் பார்க்கவே இல்லையே என்று சந்தோஷம் பொங்கும். தள்ளினால் உள்ளே பெரிய அறை, தரையெல்லாம் ஈர மணல், சுவர் முழுக்க ஜன்னல், ஜன்னல் முழுக்க விரிகுடா. விழித்ததும் ஒரு நிமிஷம் அந்த அறை உண்மையாகவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு படுத்திருப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே தூங்கலாம்.

கவர் வந்த மறுநாள் அந்த அறைக்குள் ஒரு நாற்காலி வந்திருந்தது. அதில் யாரோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருங்க?" என்று கேட்டாள். அந்த முதுகு திரும்பவில்லை. அவள் வீட்டு அறை, அவளுக்கே உள்ளே கால் வைக்கத் தயக்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டு பெர்னிஸிடம் போய்க் கவர் விஷயத்தைச் சொன்னாள். பெர்னிஸ் வேறொரு ஓனரிடம் குடியிருந்தவள். பிப்ரவரியிலேயே நோட்டீஸ் வாங்கி, இப்போது பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பிரிக்கலையா? அடிப் பாவி! பிரிக்காட்டி அது இல்லைன்னு ஆயிடுமா? உன் கைல குடுத்தாச்சுன்னா குடுத்ததுதான் கண்ணு. நீ அதை முழுங்கினாலும் செல்லும்."

"தெரியும் பெர்னிஸ்."

"தெரிஞ்சா பிரி. படிச்சுப் பாரு. தேதி தப்பா இருக்கும், கையெழுத்து இருக்காது, ஏதாவது ஓட்டை கிடைக்கும்."

"அவர் கார்டுன்னு சொன்னார்."

பெர்னிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஏண்டி, அந்த ஆளு உன் தலைல கல்லைப் போட்டாலும் 'தேங்க்ஸ் மிஸ்டர் டேத்தம்'னு சொல்லுவ போலிருக்கே! மே ஒண்ணுலேருந்துன்னா வாயைத் திறந்து காரணம் சொல்லியாகணும். விக்கணும்னாலோ, தானே குடி வரணும்னாலோ அதை எழுத்துல குடுத்து, நாலு மாசம் காத்திருக்கணும். அதுக்குத்தான் உன் ஓனருக்குச் சோம்பல். இல்ல வெக்கம். ரெண்டும் ஒண்ணுதான்."

"உனக்குக் காரணம் சொன்னாங்களா?"

"எனக்கா?" பெர்னிஸ் இன்னொரு தாளை இழுத்தாள். "எங்க நாய் குரைக்கறதுதான்னு நினைக்கறேன். நாய் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இருந்தாலும் அதுவாத்தான் இருக்கும்."

கிளெண்டாவும் தரையில் உட்கார்ந்து தட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.

நாட்கள் மெதுவாகக் கரைந்தன. ஹோட்டலில் முட்டை உடைக்கும்போது கவர் ஞாபகம், காளான் வதக்கும்போது கவர் ஞாபகம். ஒருநாள் கெட்டில் ஆவியில் காட்டி, பசையை இளக்கிப் பார்க்கலாமா என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆவி வந்தது, கவரின் ஓரம் நெகிழ்ந்தது, அவளுக்கே அசிங்கமாகிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கனவில் அந்த முதுகு கொஞ்சம் கூன் விழுந்த முதுகாகத் தெரிய ஆரம்பித்தது. கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாற்காலிக்காரர் நகரவில்லை.

ஏப்ரல் முப்பது, வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. டேத்தம் நின்றிருந்தார். இந்தத் தடவை காலைத் துடைத்தார், உள்ளே வந்தார், தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் நேரே கணப்புப் பலகைக்குத்தான் போனது.

"பிரிக்கலையா?"

"சனிக்கிழமைதானே?"

அவர் முகத்தில் நிம்மதியும் பயமும் சேர்ந்தே வந்தன. கிளெண்டா ரொட்டியை வாட்டி, வெண்ணெயில் உறையவைத்த பொடி இறாலை மேலே பரப்பி வைத்தாள். அவருக்கு உயிர் அது. டீயை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்தாள்.

"உள்ள இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும் மிஸ்டர் டேத்தம். நீங்க குடுத்த நிமிஷமே தெரியும்."

"தெரிஞ்சுமா பிரிக்காம வெச்சிருந்தீங்க?"

"கார்டுன்னு சொன்னீங்களே."

டேத்தம் தலையைக் குனிந்துகொண்டார். "வெறும் காகிதத்தை எப்படிக் கைல நீட்டறது? மரியாதையா இருக்காதேன்னு கார்டு கடைக்குப் போனேன். நாப்பது நிமிஷம் நின்னேன் கிளெண்டா. கல்யாணத்துக்கு இருக்கு, சாவுக்கு இருக்கு, பூனை செத்தாக் குடுக்கக்கூட ஒண்ணு இருக்கு. இதுக்கு இல்ல. கடைசியில வாத்துப் படம் போட்டது ஒண்ணு வாங்கினேன். உள்ள என்ன எழுதறதுன்னு தெரியல, ஒண்ணும் எழுதல."

வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"ஏன்?" என்று கேட்டாள்.

"என்ன ஏன்?"

"என்னை ஏன் போகச் சொல்றீங்க?"

"ஏஜென்ட் சொன்னார், இன்னைக்கு வரைக்கும் காரணம் சொல்லத் தேவையில்லைன்னு…"

"தேவையில்லதான். நான் கேக்கறேன். நாலு வீட்டுல கேக்காம விட்டேன். அதான் இப்பக் கேக்கறேன். நான் என்ன பண்ணினேன்?"

"நீங்களா? ஐயையோ, நீங்க ஒண்ணுமே பண்ணல!" நிஜமாகவே பதறிப்போனார் மனுஷன். கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பிறகு மேஜையைப் பார்த்தபடியே பேசினார்.

"என் ஆட்ரி கண்ணை மூடி ரெண்டு வருஷம் ஆகுது. எங்க வீட்டுல நாலு படுக்கையறை. நாலுலயும் யாரும் இல்ல. நான் படுக்கறது சோபால. டோஸ்ட்டை சிங்க் பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடறேன், தட்டுகூட எடுக்கறதில்ல. இங்க பாய்லர் பாக்க, குழாய் பாக்கன்னு ஏதாவது சாக்கு வெச்சு வரேன் பாருங்க, இங்க உக்கார்ந்தாத்தான் எனக்கு மூச்சு வருது. சூடா இருக்கு. நல்லா இருக்கு. சரி, அந்தப் பெரிய வீட்டை வித்துட்டு இங்கயே வந்துரலாம்னு தோணிச்சு. அவ்வளவுதான். இதைப் போய் எப்படி எழுத்துல எழுதறது? ஊர் என்ன நினைக்கும்?"

ஆக இவ்வளவுதானா! சீட்டியும் இல்லை, மீனும் இல்லை, தொப்பியும் இல்லை. பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது, பகீரென்றும் இருந்தது. ஏனென்றால் அந்தக் காரணம் செல்லும். பொய் சொல்லி மழுப்ப அவளுக்கு வரவில்லை.

"அது சட்டப்படி நல்ல காரணம்தான் மிஸ்டர் டேத்தம். தானே குடி வர்றதுன்னா நாளைக்கு அப்புறமும் நீங்க கேக்கலாம். நாலு மாசம் குடுக்கணும், அவ்வளவுதான்." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "வந்தா எங்க உக்காருவீங்க?"

"இங்கதான். இதே நாற்காலிலதான்."

"எதிர்ல?"

டேத்தம் நிமிர்ந்தார். எதிரே கிளெண்டா உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் ஹோட்டல் ஏப்ரனின் மாவுத் தடத்தோடு. அவர் அவளையும், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையும், டீக்கெட்டிலையும், இறால் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார்.

"அதை நான் யோசிக்கவே இல்லையே," என்றார்.

கண் கலங்கிவிட்டது அவருக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். கிளெண்டாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினாள்.

"அதுக்காக? ஒரு டீ குடிக்கத் துணை வேணும்ங்கறதுக்காக என்னை பிரெஸ்டனுக்குத் துரத்தப் பாத்தீங்களா? வாய் இல்லையா உங்களுக்கு? வந்து கேட்டா ஊத்தித் தரமாட்டேனா? ஒன்பது நாளா நான் நிம்மதியாத் தூங்கல, சாப்பிடல, முட்டையைக் கருக்கி மேனேஜர்கிட்ட ஏச்சு வாங்கினேன். எல்லாம் ஒரு வாத்துப் படத்துக்குள்ள!"

"மன்னிச்சுருங்க கிளெண்டா. ரொம்ப மன்னிச்சுருங்க." எழுந்து போய்ப் பலகையிலிருந்து கவரை எடுத்தார். "இதை நான் எடுத்துக்கறேன். நான் குடுக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க."

"வெச்சுக்க மாட்டேன். எழுதிக் குடுங்க."

கடைச் சாமான் பட்டியல் எழுதுகிற தாளைக் கிழித்து நீட்டினாள். கொடுத்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அது செல்லாது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். மிச்ச இறாலை அவர் சாப்பிட்டார். உட்கார்ந்து, தட்டில் வைத்து, முழுசாகச் சாப்பிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளெண்டா கல் மாதிரித் தூங்கினாள். அலமாரிக் கதவு, வெந்நீர்த் தொட்டி, மணல் தரை எல்லாம் அப்படியே இருந்தன. கடல் நாற்காலிக் கால் வரை ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். டேத்தமேதான், மடியில் தட்டு. "காலைத் தூக்கிக்கங்க, தண்ணி வருது," என்றாள். கீழ்ப்படிந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அறை பெரியதாக இருந்தது. இன்னொரு நாற்காலி போட இடம் தாராளமாக இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு நிஜ டேத்தம் வந்தார், எலுமிச்சை கேக்கும் அதே கிரீம் நிறக் கவருமாக. கிளெண்டா அவர் கண்ணெதிரேயே பிரித்தாள். வாத்துப் படம். உள்ளே மடித்த காகிதமும் இல்லை, வருஷா வருஷம் எழுதுகிற 'டி. டேத்தம்' என்பதும் இல்லை. 'இனிய பிறந்தநாள், டெஸ்மண்ட்' என்று மட்டும் இருந்தது. கார்டைப் பலகையில் திறந்து நிறுத்தினாள்.

கேக்கை வெட்டினார்கள். பெர்னிஸின் புது வீட்டைப் பற்றிப் பேசினார்கள், ஏறுகிற தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு கொஞ்சம் ஓய்ந்ததும் டேத்தம் இரண்டு கையாலும் தொடையில் தட்டிக்கொண்டு, "சரி… அப்போ…" என்றார். இந்த ஊரில் விருந்தாளி தொடையைத் தட்டிவிட்டால் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். யாரும் தடுக்க மாட்டார்கள், கோட்டை எடுத்துக் கொடுப்பார்கள்.

கிளெண்டா கோட்டை எடுக்கவில்லை.

"எதுக்குக் கிளம்பறீங்க?"

"இல்ல, நேரமாச்சு… உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு…"

"அதெல்லாம் காரணம் இல்ல. நேத்துலேருந்து சட்டம் மாறிப்போச்சு. காரணம் சொல்லாம இந்த வீட்டுலேருந்து யாரும் கிளம்ப முடியாது. சொல்லுங்க பாப்போம்."

டேத்தம் சீரியஸாகவே யோசித்தார். நாலு படுக்கையறையையும், சோபாவையும், சிங்க்கையும் யோசித்திருப்பார் போலும்.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

"அப்ப உக்காருங்க டெஸ்மண்ட்," என்று சொல்லிவிட்டு, அவள் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.